தக்கைப்பூண்டை மடக்கி உழுத வயலில் நடவு மஞ்சளாகிறது, ஏன்?

கேள்வி:
களிமண், லேசான களர் (சோடிய உப்பு மிகுந்த நிலம்). சம்பா நெல்லுக்கு முன் பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 70-ம் நாள் ஆளுயரத்தில் ரொட்டவேட்டர் விட்டு மடக்கி, மூன்றாம் நாளே நடவு. நட்டுப் பத்து நாளாகியும் பயிர் பச்சை கட்டவில்லை. சேற்றை மிதித்தால் குமிழி வருகிறது, நாற்றமும் அடிக்கிறது. யூரியா போடலாமா? அடுத்த முறை சணப்பு என்ற வேறு பசுந்தாள் பயிருக்கு மாறலாமா?

பதில் 1:
யூரியா இப்போது வேண்டாம் ஐயா, முதலில் தண்ணீரை வடியுங்கள். பச்சைத்தழை தண்ணீருக்குள் காற்றில்லாமல் அழுகும்போது கரிம அமிலங்களும் வாயுக்களும் உண்டாகி வேரைக் கருக்கும். சேறு இறுகி மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் மறுபடி தண்ணீர் கட்டுங்கள். களர் ஆச்சே, அதற்கு மேல் காயவிட்டால் உப்பு மேலே ஏறும். ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். வெள்ளை வேர் விட்டிருந்தால் ஏக்கருக்கு 20 கிலோ யூரியா போடலாம். வேரே இல்லாத பயிருக்குப் போடுவது வீண்.

பதில் 2:
மூன்றாம் நாளே நட்டது ஒரு தப்பு, 70 நாள் விட்டது அதைவிடப் பெரிய தப்பு. முற்றிய தண்டில் நார் ஏறிவிடும். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும்; பயிருக்கு மிஞ்சாது. 45–50 நாளில், பூவெடுக்கும்போதே மடக்கிவிடுங்கள். தண்டை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், நாராக உரிந்தால் நாள் தப்பிவிட்டது. மடக்கியபின் தண்ணீர் கட்டி 7 முதல் 10 நாள் பொறுத்து நடுங்கள். நெல்லுக்கு அடியுரமாக வைத்திருக்கும் சூப்பர் பாஸ்பேட்டைத் தக்கைப்பூண்டு விதைக்கும்போதே போட்டால், காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும் வேர்முடிச்சு நன்றாகப் பிடிக்கும். முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது வேலை செய்கிறது.

பதில் 3:
சணப்பு உங்கள் மண்ணுக்கு ஆகாது. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். களருக்கும் தேக்கத்துக்கும் தாங்குவது தக்கைப்பூண்டுதான். இன்னொரு பசுந்தாள் பயிரான கொளிஞ்சி மேட்டு மணற்பாங்குக்கு நல்லது, ஆனால் விதைத்தோல் கெட்டி. மணலோடு தேய்த்து விதைக்காவிட்டால் பாதிகூட முளைக்காது.

இன்னொன்றையும் பாருங்கள் அண்ணே. இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுத்து, கீழ் இலைகளில் துருப்புள்ளி விழுந்திருந்தால் அது துத்தநாகக் குறை. களரில் தழை அழுகும் வயலில் இது அடிக்கடி வரும். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள். பாஸ்பேட் உரத்தோடு மட்டும் சேர்த்துக் கலக்க வேண்டாம், இரண்டும் பிணைந்து பயிருக்குக் கிடைக்காமல் போய்விடும்.