1967 ஈ-டைப்: ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு மேனுவல் போடலாமா?

பரிதி67:
பிரிட்டனில் ஒரு ஜாகுவார் ஈ-டைப் 2+2 (பின்னால் இரண்டு சிறு இருக்கைகளும் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்), 1967ஆம் ஆண்டு வண்டி, விலை படியும் நிலையில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக். துரு இல்லை, இன்ஜின் சீராக ஓடுகிறது. வாங்கிய கையோடு நான்கு கியர் மேனுவலாக மாற்றிவிட எண்ணுகிறேன். செய்யலாமா?

நாலாம்கியர்:
தயங்காமல் செய்யுங்கள். 1961இல் ஜெனீவாவில் இந்தக் காரை உலகம் முதலில் பார்த்தபோது அதில் ஆட்டோமேட்டிக் கிடையாது. 1966இல் பின்னிருக்கைக்காக முன்பின் சக்கரங்களுக்கு இடையே ஒன்பது அங்குலம் நீட்டி 2+2 கொண்டுவந்தார்கள். போர்க்-வார்னர் நிறுவனத்தின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் அப்போதுதான் வந்தது. வளைவுக்கு முன்னால் நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கிப் பாருங்கள். கிளட்ச் மிதிபட்டிருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் இன்ஜின் உறுமி எழும். கிளட்சை விட்டதும் வண்டி குலுங்காமல் அடங்கி வளைவுக்குள் நுழையும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தகைய காரை வாங்குகிறோம்.

பட்டறைக்காரன்:
அந்த நொடியை நானும் அறிவேன். ஆனால் எல்லா ஈ-டைப்பிலும் அது கிடைத்துவிடாது. முதலில் வந்த 3.8 லிட்டர் வண்டிகளில் இருந்தது மாஸ் கியர்பாக்ஸ். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பற்களின் வேகத்தைச் சமன்செய்து இணைக்கும் அமைப்பு, இல்லை. அவசரப்பட்டால் பல் கடிக்கும். 1964இல் 4.2 லிட்டர் வண்டி வந்தபோதுதான் நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் கிடைத்தது. அந்த 4.2 இன்ஜின் குறைந்த சுற்றிலேயே பலமாக இழுக்கும், ஆட்டோமேட்டிக்கோடு நன்றாகவே ஒத்துப்போகும்.

அடுத்தது வேலை. ஈ-டைப்பில் கிளட்ச் தட்டை மாற்றுவதற்கே இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக வெளியே வந்தாக வேண்டும். இங்கே ஃப்ளைவீல், பெடல் பெட்டி, கிளட்சுக்கான ஹைட்ராலிக் அமைப்பு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாமே தேட வேண்டியவை. பின் அச்சின் பல்விகிதமும் ஆட்டோமேட்டிக்குக்கு வேறு.

நாலாம்கியர்:
வேலை பெரிது என்பதால் தவறாகிவிடுமா? ஒருமுறை செய்தால் ஆயுள் முழுக்க ஓட்டலாம். இந்தக் காரில் ஆட்டோமேட்டிக் விலை குறைவாகவே போகிறது. மிச்சமாகும் பணத்தை மாற்றத்துக்குப் போடட்டுமே.

பட்டறைக்காரன்:
விலையைச் சொன்னீர்களே, சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகளின் எண் ‘பிடபிள்யூ’ (போர்க்-வார்னரின் முதலெழுத்துகள்) என்று முடியும். மேனுவல் போட்டாலும் அந்த இரண்டெழுத்து தகட்டில் இருக்கும், பின்னால் வாங்குகிறவர் கேட்பார். தொழிற்சாலை எப்படி அனுப்பியதோ அப்படியே நிற்கும் வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன. அந்தக் கணக்கில் இன்னொன்றைக் குறைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பரிதி67:
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் மனைவியும் ஓட்டுவார். அவருக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. கனமான கிளட்சை மிதிக்க மருத்துவர் வேண்டாம் என்றார். நான் ஆசைப்பட்டது எனக்காக மட்டும்தான்.

நாலாம்கியர்:
நண்பரே, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டேன். இருவரும் ஓட்டும் வண்டி என்றால் கை வைக்காதீர்கள். ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்கு மேனுவல்தான் பொருத்தம் என்ற என் கருத்து மாறவில்லை. என்றாவது உங்களுக்கென்று தனியாக ஒன்று வாங்கினால் 4.2 மேனுவலாகப் பாருங்கள்.

பட்டறைக்காரன்:
பரிதி, பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு கியர்பாக்ஸ் எண்ணெய்க் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடையுங்கள். எண்ணெய் சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. பிறகு கியர் நெம்புகோலின் டி1, டி2 என்ற இரண்டு நிலைகளிலும் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டுப் பாருங்கள். டி1 முதல் கியரில் கிளம்பும், டி2 இரண்டாவதில். இரண்டிலும் ஒரே மாதிரி கிளம்பினாலோ, இன்ஜின் சுற்று ஏறியும் வண்டி நகரத் தயங்கினாலோ, சீரமைக்கும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.