வெள்ளிக்கிழமை குளிப்பாட்டுற பெரியம்மா வருகிறார்: வரட்டுமா, வேண்டாமா?

மண்டபத்துப் பொண்ணு | செவ்வாய், காலை 10.40

முதல் பிரசவம், சிசேரியன். பெண் குழந்தை, இன்றோடு 9 நாள். பிறந்தபோது 2 கிலோ 700 கிராம். மண்டபத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். தொப்புள் கொடி இன்னும் விழவில்லை, கறுத்துச் சுருங்கி நிற்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போதே ஆஸ்பத்திரி நர்ஸ், கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்த கிராம சுகாதாரச் செவிலியரும் அதையேதான் சொன்னார்.

அம்மாவுக்கு மனது ஆறவில்லை. "ஒம்போது நாளா பிள்ளை மேல தண்ணி படல" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். எங்கள் தெருவில் பிள்ளை குளிப்பாட்டுகிற பெரியம்மா ஒருவர் இருக்கிறார், என்னையும் தம்பியையும் குளிப்பாட்டியவர். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியாயிற்று. எண்ணெய் தேய்த்து, காலில் போட்டு, மூக்கு பிடித்து, ஊதி, சாம்பிராணி போடுவது வரை எல்லாம் உண்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்றால் வீட்டில் சண்டை.

இன்னொன்று, எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் பிள்ளையைக் குளிப்பாட்டலாமா?

உச்சிப்புளிக்காரன் | செவ்வாய், காலை 11.15

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் தங்கச்சி. பச்சைப் பிள்ளையை ஊரான் கையில் கொடுத்து முறுக்கிப் பிழியவா? கடையில் குழந்தை டப் கிடைக்கிறது. கொடி விழுந்த பிறகு அதில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு நீங்களே குளிப்பாட்டுங்கள். தினமும் தேவையே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் முதல் வருடத்தில் வாரம் 3 தடவை போதும் என்கிறது. என் மகனுக்கு அப்படித்தான் செய்தோம்.

பாம்பன் அப்பத்தா | செவ்வாய், மதியம் 12.05

நான் சொல்லச் சொல்ல பேரன் எழுதுகிறான்.

தம்பி, அமெரிக்காவில் புரட்டாசிப் புழுக்கம் உண்டா? வாரத்துக்கு மூன்று தடவை என்றால் கழுத்து மடிப்பில் பால் வழிந்து புளித்து, தோல் வெந்து போகும். நான் என் பிள்ளைகள் ஐந்து, பேரப்பிள்ளைகள் எட்டு, அக்கம்பக்கத்தில் கணக்கில்லாமல் குளிப்பாட்டியிருக்கிறேன். ஒன்றும் கை நழுவியதில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் எண்ணெய்ப் பிள்ளையைப் போட்டுப் பார், விலாங்கு மாதிரி வழுக்கும். பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிப் போட்டால், காலிடுக்கு தொட்டில் மாதிரி பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் தேங்காது, ஓடிவிடும். பிள்ளை எப்படி முங்கும்?

அப்புறம், தையல் போட்ட வயிற்றோடு இந்தப் பெண் குனிந்து டப்பில் குளிப்பாட்டுவாளா?

உச்சிப்புளிக்காரன் | செவ்வாய், மதியம் 12.20

என் மனைவி குனியவில்லை, நான்தான் குளிப்பாட்டினேன்.

பாம்பன் அப்பத்தா | செவ்வாய், மதியம் 12.31

அது நல்ல காரியம். அதில் எனக்குச் சண்டையில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ், தேவிபட்டினம் | செவ்வாய், மாலை 4.10

இரண்டு பேரும் பாதி சரி. குளிப்பாட்டுவது வேறு, அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற மற்ற வேலைகள் வேறு. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல்தான் எல்லா வீட்டிலும் சண்டை.

காலில் போட்டுக் குளிப்பாட்டுவதில் தப்பில்லை. பழகின கை என்றால் டப்பை விடப் பாதுகாப்பு என்றே சொல்வேன். தேங்காய் எண்ணெய் மெதுவாகத் தேய்ப்பதும் நல்லதுதான். 2005இல் வந்த ஒரு மும்பை ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தபோது எடை நன்றாக ஏறியது. ஆனால் தேய்ப்பது என்றால் தடவிக்கொடுப்பது. கை காலை முறுக்கி இழுப்பது, தலையை அழுத்தி உருட்டுவது, தலைகீழாகத் தூக்கி உதறுவது எல்லாம் எலும்புக்கும் கழுத்துக்கும் ஆபத்து.

கொடி விஷயம். பொதுவாக 5 நாளிலிருந்து 15 நாளுக்குள் விழும். 9 நாள் என்பது தாமதம் இல்லை. கொடி ஒரு தடவை நனைந்துவிட்டதாலேயே சீழ் பிடித்துவிடாது. நனைந்ததை ஈரத்தோடு துணிக்குள் கட்டி வைப்பதும், மேலே சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் என்று எதையாவது அப்புவதும்தான் கெடுதல். அது காய்ந்து தானாக விழ வேண்டும், அவ்வளவுதான். துடைத்தால் போதும் என்று நாங்கள் சொல்வது, காய வைப்பது சுலபம் என்பதால்தான்.

உங்கள் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் குளிப்பாட்டாமல் கொடுத்தது அலட்சியம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது. வயிற்றுக்குள் பிள்ளைக்குச் சூடு கொடுப்பது தாயின் உடம்பு. வெளியே வந்ததும் நனைத்தால் சூடு சடசடவென்று இறங்கும், பால் குடிக்கவும் சோர்ந்துபோகும். தோலில் வெள்ளையாக மெழுகு மாதிரி ஒட்டியிருப்பது அழுக்கில்லை, பிள்ளை கொண்டுவந்த காப்பு. 2 கிலோ 500க்குக் கீழே எடை உள்ள குழந்தை என்றால் எடை ஏறும்வரை குளியலையே தள்ளிப்போடுவோம். உங்கள் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை.

கீழக்கரை லாத்தா | செவ்வாய், மாலை 6.45

நான் மூக்கு ஊதுகிற விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். என் மூத்தவனுக்கு 20 நாள். எங்கள் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டியவர் நல்ல மனுஷிதான், மூன்று தலைமுறைக்குப் பார்த்தவர். இரண்டு மூக்கிலும் எண்ணெய் விட்டு, சளி வரட்டும் என்று ஊதினார். பிள்ளை மூச்சு முட்டி நீலம் பாரித்தது. அப்போது சரியானது போல இருந்தது. நாலைந்து நாளில் இருமல், மூச்சு இரைப்பு. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். தண்ணீர் போனால் உடம்பு ஒருவாறு உறிஞ்சிக்கொள்ளும், எண்ணெய் அங்கேயே தங்கிப் புண்ணாக்கும் என்றார். 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உம்மா அந்த 11 நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவரைக் கூப்பிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் இளையவளையும் அவரேதான் குளிப்பாட்டினார். மூக்கு, காது, தொண்டை மூன்றிலும் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிவிட்டோம்.

பாம்பன் அப்பத்தா | செவ்வாய், இரவு 8.00

உன் பிள்ளைக்கு அப்படி ஆனதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊதத் தெரியாமல் ஊதியிருக்கிறார்கள். சளி கட்டினால் என்ன செய்வது? அப்படியே விட்டுவிடுவதா? தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுக்காவிட்டால் பிள்ளை கர்கர் என்று மூச்சு விடும்.

ஓய்வுபெற்ற நர்ஸ், தேவிபட்டினம் | செவ்வாய், இரவு 9.20

தெரிந்து ஊதினாலும் தெரியாமல் ஊதினாலும் எண்ணெய் போகிற வழி ஒன்றுதான் அம்மா. பச்சைக் குழந்தையின் மூக்குத் துவாரம் சின்னது, அதனால் கொஞ்சம் சத்தம் கேட்கும். பால் நன்றாகக் குடித்து, நெஞ்சுக்கூடு உள்வாங்காமல் மூச்சு விட்டால் அந்தச் சத்தத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். தொண்டையில் விரல் விட்டால் நகம் கீறும், கையில் உள்ள கிருமி உள்ளே போகும், வாந்தி புரையேறும்.

இன்னொன்று யாரும் எழுதவில்லை. சில குழந்தைகளுக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு வீங்கி ஒரு சொட்டுப் பால் மாதிரி வரும். தாயின் ஹார்மோன் செய்கிற வேலை, சில வாரத்தில் தானே வற்றிவிடும். குளிப்பாட்டும்போது அதைப் பிதுக்குவார்கள். பிதுக்கிச் சீழ் கட்டி அறுத்துவிட்ட குழந்தைகளை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். உங்கள் பெரியம்மாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்டபத்துப் பொண்ணு | புதன், காலை 9.30

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீழக்கரை லாத்தா எழுதியதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போனார். தண்ணீருக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

உச்சிப்புளிக்காரன் | புதன், காலை 10.05

எங்கள் போர் தண்ணீரில் கரைந்த உப்பை (டிடிஎஸ்) மீட்டர் வைத்துப் பார்த்தேன், லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. குடிக்க அளந்த கணக்குதான் அது, குளிக்க இல்லை. இருந்தாலும் அதில் குளித்தால் பெரியவர்களுக்கே தோல் வறண்டு வெள்ளை பூக்கிறது. நான் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினேன்.

பாம்பன் அப்பத்தா | புதன், காலை 10.40

கொதிக்க வைத்தால் உப்பு போய்விடுமா தம்பி? வாலிநோக்கம் உப்பளத்தில் என்ன நடக்கிறது? தண்ணீர் ஆவியாகும், உப்பு நிற்கும். நீ அடுப்பில் வைத்து இன்னும் கொஞ்சம் உப்பாக்கிப் பிள்ளை மேல் ஊற்றியிருக்கிறாய். படித்த பிள்ளை.

உச்சிப்புளிக்காரன் | புதன், காலை 10.52

சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ், தேவிபட்டினம் | புதன், மதியம் 1.30

அப்பத்தா சொன்னது சரி. கொதித்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும். துடைக்க 2 லிட்டர் போதும், குளிப்பாட்ட ஒரு குடம் தாராளம். காவிரிக் குழாய்த் தண்ணீரில் பிள்ளைக்கு மட்டும் ஒரு குடம் மூடி எடுத்து வையுங்கள். குழாய் வராத நாளில் மழைத் தண்ணீரோ வண்டித் தண்ணீரோ, அதைக் காய்ச்சிக்கொள்ளுங்கள். முழுக்க போர் தண்ணீர்தான் கதி என்றால் சோப்பை நிறுத்திவிடுங்கள். கடின நீரில் சோப்பு நுரைக்காது, தயிர் திரிந்த மாதிரி தோலில் படியும், அரிக்கும். முதல் சில வாரத்துக்கு வெறும் தண்ணீரே போதும். பயற்றம் மாவும் இப்போது வேண்டாம், எவ்வளவு சலித்தாலும் இந்தத் தோலுக்கு அது சொரசொரப்பு. தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுவதும் வேண்டாம்.

சூடுதான் முக்கியம். 37, 38 டிகிரி இருக்கலாம். மானி இல்லையென்றால் முழங்கையை விட்டுப் பாருங்கள், உள்ளங்கை காய்த்துப்போனது, பொய் சொல்லும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர், கலக்கிப் பார்த்து முடித்த பிறகுதான் பிள்ளையைக் கையில் எடுக்க வேண்டும். குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது "இன்னும் கொஞ்சம் சுடு ஊத்து" என்பார்கள், அங்கேதான் வெந்துபோகிறது. இப்போது வாடைக்காற்று வேறு. கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, துண்டை விரித்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். 5 நிமிடம், மிஞ்சினால் 10. வயிறு முட்டப் பால் குடித்த உடனே வேண்டாம்.

கொடி விழும்வரை துடைக்கும்போது: கண்ணுக்குக் கண் வேறு வேறு பஞ்சு, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக. பிறகு முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு. துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து, துடைத்ததும் மூடிவிட வேண்டும். பெண் குழந்தைக்குக் கடைசியில் முன்னாலிருந்து பின்னால்தான். வெள்ளையாகவோ ஒரு சொட்டு ரத்தமாகவோ வந்தால் பயப்படாதீர்கள், உள்ளே விட்டுத் துடைக்காதீர்கள்.

பாம்பன் அப்பத்தா | புதன், மாலை 5.15

எல்லாம் சரி. தலை எப்படிக் காயும்? சாம்பிராணிப் புகை காட்டாமல் வாடையில் பிள்ளையைத் தூங்க வைத்தால் நீர் கோத்துக்கொள்ளும். இதை மட்டும் நான் விடமாட்டேன்.

கீழக்கரை லாத்தா | புதன், மாலை 5.50

அந்தப் புகையில் நமக்கே கண் எரிகிறது அம்மா. பிள்ளை தலையில் இருப்பது ஒரு கைப்பிடி முடி, பருத்தித் துண்டால் இரண்டு தடவை ஒற்றினால் காய்ந்துவிடும்.

பாம்பன் அப்பத்தா | புதன், மாலை 6.10

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி. எங்கள் வீட்டில் பிறக்கும்போதே ஜடை போடுகிற அளவு முடி.

ஓய்வுபெற்ற நர்ஸ், தேவிபட்டினம் | புதன், இரவு 7.00

ஜடை இருந்தாலும் துண்டுதான். மூச்சுக்குழல் வளராத பிள்ளைக்கு எந்தப் புகையும் ஆகாது.

மண்டபத்துப் பொண்ணு | வியாழன், காலை 8.15

இன்று காலை துணி மாற்றும்போது கொடி விழுந்து கிடந்தது! அடியில் கொஞ்சம் ஈரமாக, ஊசிமுனை அளவு ரத்தம். அம்மா நாளைக்கே குளிப்பாட்டிவிடலாம் என்கிறார்.

ஓய்வுபெற்ற நர்ஸ், தேவிபட்டினம் | வியாழன், காலை 8.50

ஒரு சொட்டு ரத்தம் வழக்கம்தான். அந்த இடம் நன்றாகக் காயட்டும், ஓரிரு நாள் கூடப் போனால் நஷ்டமில்லை. சுற்றிலும் சிவந்து பரவினால், சீழோ நாற்றமோ வந்தால், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தால், உடம்பு சுட்டாலோ கைகால் சில்லிட்டாலோ குளியலைப் பற்றியே யோசிக்காதீர்கள், 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பாம்பன் அப்பத்தா | வியாழன், காலை 9.05

பெண் பிள்ளைக்கு வெள்ளி இல்லையென்றால் செவ்வாய். நாலு நாள்தானே, பொறு.

மண்டபத்துப் பொண்ணு | செவ்வாய், மாலை 3.40

முடிந்தது. முதலில் பெரியம்மாவுக்குக் கோபம். "மூக்கத் தொடாத, தொண்டையத் தொடாதன்னா நான் எதுக்கு வந்தேன்?" என்று கேட்டார். அம்மாதான் பேசினார், நான் வாயைத் திறக்கவில்லை. லாத்தாவின் கதையைச் சொந்தக்காரர் வீட்டில் நடந்த மாதிரியே சொல்லிவிட்டார். பிறகு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டார். எனக்கு அந்தக் கை வரவே வராது. பிள்ளை அழவேயில்லை, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு குடம் காவிரித் தண்ணீரில் கால்வாசி மிச்சம். கடைசியில் பழக்கத்தில் மூக்குப் பக்கம் கை போனது, அம்மா சட்டென்று துண்டைக் கொடுத்துவிட்டார். சாம்பிராணி பக்கத்து அறையில் போட்டார்கள், வாசம் மட்டும் வந்தது. பால் குடித்துவிட்டு மூன்று மணி நேரமாகத் தூங்குகிறாள்.

உச்சிப்புளிக்காரன் | செவ்வாய், மாலை 4.00

மகிழ்ச்சி தங்கச்சி. டப் வாங்கிவிடாதீர்கள், எங்களுடையது சும்மாதான் கிடக்கிறது.

பாம்பன் அப்பத்தா | செவ்வாய், மாலை 4.25

மூன்று மணி நேரத் தூக்கம் காலில் போட்டதால் வந்தது, டப்பால் இல்லை. மூக்குப் பிடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். இருபது வருடம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் வரும்போது மூக்கைப் பற்றி ஏதாவது சொன்னால் என் பேரனிடம் சொல்லி அனுப்பு.

மண்டபத்துப் பொண்ணு | செவ்வாய், மாலை 4.31

அவள் மூக்கு அப்படியே அவள் அப்பா மூக்கு, அப்பத்தா. யார் பிடித்திருந்தாலும் நிமிர்ந்திருக்காது.