சிவப்புப் பேனாவை மூடிவைத்த பயிற்சி

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை:
பதினேழு வருடமாகக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் கரும்பலகையில் எழுதிப்போடுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். முப்பது நோட்டிலும் ஒரே பொங்கல், ஒரே கரும்பு.

போன வருடம் வட்டார வள மையத்தில் மூன்று நாள் பயிற்சி. வந்த கருத்தாளர், "உங்க வீட்டு அடுப்படியைப் பத்தி இருபது நிமிஷம் எழுதுங்க" என்றார். எட்டு நிமிடம் எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. எழுதக் கற்றுக்கொடுப்பவர் தானும் எழுத வேண்டும் என்பதை வைத்தே அமெரிக்காவின் பெர்க்லியில் 1974இல் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்களாம், அதிலிருந்து எடுத்தது என்றார். எழுதியதைப் பக்கத்து டீச்சரிடம் நீட்டியபோது கை வியர்த்தது. ஒற்றுப்பிழையைக் காட்டியிருந்தால் அங்கேயே மூடிவைத்திருப்பேன். அவரோ, "உங்கம்மா ஏன் எப்பவும் கடைசியா சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். இன்னும் அரைப் பக்கம் எழுதினேன்.

திரும்பி வந்த வாரம் ஒரு பையன் எழுதியிருந்தான்: "ஆயா முருக்கு சுட்டுச்சி. எண்ண தெரிச்சா முருகாண்ணு சொல்லும்." முன்பென்றால் நாலு சிவப்பு வட்டம், பத்து முறை எழுதி வா. இந்தமுறை ஓரத்தில் "யாருக்காகச் சுட்டாங்க?" என்று மட்டும் எழுதினேன். மறுநாள் பதினொரு வரி வந்தது. துபாயில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பவாம். ர, ற குழப்பத்தை வெள்ளிக்கிழமை வகுப்பு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேன்.

பார்வைக்கு வந்த அதிகாரி "நோட்டே திருத்தலையே" என்றது இன்னமும் வலிக்கிறது.

ஈராசிரியர் பள்ளியிலிருந்து:
டீச்சர், 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரைக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்தச் சொன்னார்கள். மூன்று வகுப்பும் என்னிடம்தான். எல்லா நோட்டுக்கும் கேள்வி எழுத நேரம் ஏது? ஒரு நாளைக்கு ஐந்து நோட்டு என்று வைத்துக்கொண்டேன், அதற்கு மேல் முடியவில்லை. அரும்புப் பிள்ளைகள் படம் வரைந்து வாயால் சொல்வதை நானே அடியில் எழுதித் தருகிறேன். அதையும் எழுத்து என்றே இப்போது எண்ணுகிறேன்.

பத்தாம் வகுப்புத் தமிழாசிரியர்:
எங்களுக்குப் பொதுத்தேர்வு கழுத்தைப் பிடிக்கிறது. குறிப்பு கொடுத்துத்தான் கட்டுரை கேட்கிறார்கள், பிள்ளைகளும் அதைத் தாண்டி எழுதப் பயப்படுகிறார்கள். பயிற்சி முடித்து வந்த வேகம் எனக்கு அரையாண்டோடு அடங்கிவிட்டது. பிறகு பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து நாலு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கூட ஆரம்பித்தோம். அவரவர் எழுதியதை வாசிப்போம், ஒரு பிள்ளையின் நோட்டையும் நடுவில் வைத்துப் பேசுவோம். அதற்குப் பிறகுதான் குறிப்பே இல்லாமல் வாரம் ஒரு பக்கம் எழுதவிடும் தைரியம் வந்தது. அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை.