கலிஃபோர்னியா போலீஸ் ரேடியோ: டென்-கோடு பட்டியல் வைத்திருந்தும் பாதிதான் புரிகிறது

சான்ஹோசே_வாசி:
போலீஸ் ரேடியோ பேச்சை ஸ்கேனர் செயலியில் கேட்கிறேன். கையில் டென்-கோடு பட்டியல் (10-8 போல ‘டென்’னில் தொடங்கும் சுருக்கக் குறியீடுகள்) இருக்கிறது. 459, 211, 5150 எதுவுமே அதில் இல்லை. ‘கோட் 4’ என்றதும் பேச்சு அடங்கிவிடுகிறது. ஏன்? ஊருக்கு ஊர் பொருள் மாறுமா?

சிற்றலை:
ஒரே பட்டியலில் எல்லாவற்றையும் தேடாதீர்கள். அங்கே மூன்று வகை எண்கள் கலந்து ஓடும்.

மூன்று இலக்கம் என்றால் பெரும்பாலும் மாநிலக் குற்றவியல் சட்டப் பிரிவு. 187 கொலை, 211 கொள்ளை, 459 திருடும் நோக்கத்தோடு கட்டடத்துக்குள் நுழைவது, 415 தெருச் சண்டை, கூச்சல். 5150 வேறு சட்டம்: மனநலக் காரணத்துக்காக ஒருவரை 72 மணி நேரம் வரை காவலில் வைக்கும் பிரிவு. 502 என்றால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. அது பழைய பிரிவு எண், இப்போது 23152. ஆனால் மைக்கில் அவ்வளவு நீளமாக யார் சொல்வார்கள்?

‘கோட்’ என்று தொடங்குவது அவசரத்தின் அளவு. கோட் 3 என்றால் விளக்கும் சைரனும் போட்டுப் போகணும். கோட் 2 அவசரம்தான், சைரன் கிடையாது. கோட் 4 என்றால் இனி ஆள் வேண்டாம். மற்ற வண்டிகள் திரும்பிவிடும், பேச்சும் அடங்கும். லாஸ் ஏஞ்சலஸில் ‘கோட் 4 ஆடம்’ வந்தால் கவனியுங்கள்: ஆள் போதும், ஆனால் சந்தேக நபர் இன்னும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்.

மீதிதான் டென்-கோடு. 10-8 பணிக்குத் தயார், 10-97 இடத்துக்கு வந்தாச்சு, 10-98 வேலை முடிந்தது.

ஆன்டெனா:
எண்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு வண்டியைப் பிடித்துத் தொடர்வது எளிது. லாஸ் ஏஞ்சலஸில் ‘1-ஆடம்-12’ என்றால் 1 சென்ட்ரல் டிவிஷன், ஆடம் இரண்டு பேர் போகும் வண்டி (ஒருவர் மட்டும் என்றால் லிங்கன்), 12 ரோந்துப் பகுதி. அந்தப் பெயரை எழுதிவைத்து, அழைப்பு, 10-97, கோட் 4 என்று வரிசையாகக் கேளுங்கள். நம்பர் பிளேட்டில் உள்ள ஏ, பி, சி, டி எழுத்துகளைச் சொல்ல ஆல்ஃபா, பிராவோ வராது. ஆடம், பாய், சார்லஸ், டேவிட்தான்.

இன்னொன்று, செயலியில் ஒரே ஒலிபரப்பு பல சேனல்களை மாறி மாறிப் பிடிக்கும். கேள்வி கேட்கும், பதில் காணாமல் போகும். அது உங்கள் காதின் குற்றமில்லை.

பழைய_வால்வு:
ஊருக்கு ஊர் நிச்சயம் மாறும். 10-13 நியூயார்க்கில் ‘அதிகாரிக்கு உதவி தேவை’. வேறு பல ஊர்களில் வெறும் வானிலை, சாலை நிலவரம். இந்தக் குழப்பத்தால்தான் பல துறைகள் சேர்ந்து இறங்கும் சம்பவங்களில் சாதாரணப் பேச்சே வேண்டும் என்று 2006-இல் மத்திய அரசு தன் நிதியுதவிக்கு நிபந்தனை போட்டது. உள்ளூர் அன்றாடப் பேச்சில் கோடு தொடர்கிறது.

முன்னால் ‘டென்’ ஏன்? 1930-களின் ரேடியோவில் பொத்தானை அழுத்தியதும் உள்ளே மோட்டார்-ஜெனரேட்டர் முழு வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். முதல் அசை விழுங்கப்படும். இலினாய் மாநிலப் போலீஸின் சார்லஸ் ஹாப்பர், போனாலும் பரவாயில்லை என்று ‘டென்’னை முன்னால் வைத்தார்.

திடீரென்று ஒன்றுமே கேட்கவில்லை என்றால் குறியீடுகளைக் குறை சொல்லாதீர்கள். பி25 (போலீஸ் போன்ற துறைகளின் டிஜிட்டல் ரேடியோ முறை) மட்டும் என்றால் அதற்கான ஸ்கேனர் போதும். மறையாக்கம் (வெளியாட்களுக்குப் புரியாதபடி பேச்சைப் பூட்டுவது) போட்டுவிட்டால் எந்த ஸ்கேனரும் உதவாது. தனிநபர் விவரங்கள் திறந்த அலையில் போகக்கூடாது என்று 2020 அக்டோபரில் கலிஃபோர்னியா மாநில அரசின் நீதித்துறை (நீதிமன்றம் அல்ல) சுற்றறிக்கை விட்ட பிறகு பல ஊர்கள் அப்படி மூடிக்கொண்டன.