கோதுமை சேராத காய்கறி ரோஸ்ட்: தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தக்கலையில் இருக்கிறோம். என் மகளுக்கு 9 வயது. போன மாதம் அவளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியானது. கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆகாது. இவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் கொஞ்சம் சேர்ந்தாலும் குடல் பாதிக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காய்கறியில் கோதுமை எங்கே வரப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தபோது கோதுமை மாவு கலந்திருப்பது தெரிந்தது. இத்தனை நாள் சாம்பாரிலும் ரசத்திலும் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது வடசேரி சந்தையில் சேனை, ஏத்தங்காய், கேரட், பீன்ஸ் வாங்கி வருகிறேன். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) மட்டும் முதலிலேயே அவித்து வடித்துவிடுவேன். எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெய், மஞ்சள், நல்லமிளகு, கறிவேப்பிலையோடு பிரட்டி ஓவனில் 200 டிகிரியில் 30 நிமிடம் வைக்கிறேன். பீன்ஸ் கருகிச் சுருண்டுவிடுகிறது. சேனையோ வெளியே சிவந்து, கடித்தால் நடுவில் நறுக்கென்று வேகாமல் இருக்கிறது. தட்டில் தண்ணீரும் விடுகிறது.

சேனையையும் அரைவேக்காடாக அவித்துவிட்டுச் சேர்க்கலாமா? மொறுமொறுப்புக்கு அரிசி மாவு நல்லதா, கடலை மாவா? மில்லில் கோதுமை அரைத்த மெஷினிலேயே அரைப்பார்கள் என்ற பயத்தில் அரிசியை வீட்டு மிக்சியில்தான் அரைக்கிறேன். அப்புறம், கோதுமை கலக்காத பெருங்காயம் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எங்கே கிடைக்கும்?

வருகிற ஞாயிறு அவளுக்குப் பிறந்தநாள். எல்லோரும் சாப்பிடும் அதே தட்டிலிருந்து அவளும் எடுத்துச் சாப்பிட வேண்டும். சனிக்கிழமைக்குள் சொன்னால் ஒருமுறை செய்து பார்த்துவிடுவேன்.