விருந்து வழங்கி காலை வாரிய கதை இருந்தால் சொல்லுங்கள்

கொக்குவில் பெடியன்:
விருந்து வழங்கி என்றால் வெளியிலிருந்து செலுத்தும் பரம்பரையலகை (ஜீனை) ஏற்று வளர்க்கும் கலம். ஏ.எல். படிக்கும்போது எனக்கு அது ஒற்றை வரிதான். "பிளாஸ்மிட் ஈ.கோலைக்குள் செலுத்தப்படும்" என்று எழுதிப் புள்ளி வாங்கிக்கொண்டு போய்விட்டேன் (பிளாஸ்மிட் என்பது பரம்பரையலகைச் சுமந்து செல்லும் சிறு டிஎன்ஏ வளையம், ஈ.கோலை ஒரு பற்றீரியா). இறுதியாண்டு ஆய்வில் அந்த ஒற்றை வரி என்னுடைய ஆறு கிழமையைத் தின்றது.

2022, மின்வெட்டுக் காலம். பிளாஸ்மிட்டைக் கலங்களோடு சேர்த்து ஐஸில் அரை மணித்தியாலம், 42 பாகையில் 45 செக்கன், திரும்ப ஐஸ், பிறகு பிளாஸ்மிட்டை எடுத்த கலங்கள் மட்டும் பிழைக்கும் அம்பிசிலின் மருந்துத் தட்டில் பரப்பி 37 பாகையில் விட்டுவிட்டு விடிய ஓடிப்போய்ப் பார்த்தால் தட்டு கழுவித் துடைத்த கோப்பை மாதிரி இருக்கும். பரம்பரையலகு பிளாஸ்மிட்டில் ஒட்டவில்லை என்று நினைத்து ஒட்டுற வேலையையே திரும்பத் திரும்பச் செய்தேன். கடைசியில் ஒரு அக்கா, "முதல்ல வெறும் பிளாஸ்மிட்டைப் போட்டுப் பாரும், அதுவும் வராட்டிப் பிழை எங்கை எண்டு தெரியும்" என்றார். அதுவும் வரவில்லை!

கரண்ட் போய்ப் போய் வந்ததில் -80 பாகை உறைபெட்டியில் இருந்த கலங்கள் இளகித் திரும்ப உறைந்திருக்கின்றன. கல்சியம் குளோரைட்டில் ஊறவைத்து, வெளி டிஎன்ஏயை உள்ளே எடுக்கப் பக்குவப்படுத்திய கலங்கள் அவை. இளகினால் அந்தப் பக்குவம் போய்விடும். இத்தனைக்கும் அது டிஎச்5ஆல்பா, வந்த பிளாஸ்மிட்டை வெட்டாமலும் தன் டிஎன்ஏயோடு கலந்து குழப்பாமலும் இருக்கவென்றே மாற்றி எடுத்த ஈ.கோலை வகை. நல்ல மாப்பிள்ளைதான், ஆனால் சூடு ஆகாது.

புதிதாகக் கலங்கள் தயாரிக்க நிறைய ஐஸ் தேவைப்பட்டது. குருநகரில் மீனுக்குப் போடும் ஐஸை ரெஜிபோம் பெட்டியில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். ஆய்வுகூடம் முழுக்கச் சூடை மீன் வாசம். அடுத்த நாள் தட்டில் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் பிளாஸ்மிட் ஏறிய ஒரு கலம் பெருகிய கூட்டம். எண்ணினேன், 63.

சுன்னாகத்து அக்கா:
நான் ஆய்வுகூடம் கண்டவள் இல்லை. அம்மாவின் இன்சுலின் பெட்டிக்குள் இருந்த துண்டை வாசித்தபோது விருந்து வழங்கி மதுவம் (ஈஸ்ட்) என்று போட்டிருந்தது. 1982இல் முதலில் அனுமதி கிடைத்த மனித இன்சுலின் ஈ.கோலையில் செய்தது, அம்மா போடுவதோ சக்கரோமைசிஸ் செரவிசியே என்ற மதுவத்தில். அப்பம் சுடப் பனங்கள்ளு விட்டு மாப் புளிக்க வைக்கிறாரே, அதைப் பொங்க வைக்கிற இனமும் அதுதான். சொன்னேன். "அப்ப அப்பம் திண்டாச் சீனி குறையுமோ?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல.

மானிப்பாய் மருமகன்:
மாமாவுக்குச் சிறுநீரகம் பழுது, இரத்தம் ஊறுவதற்கு எரித்ரோபொயட்டின் ஊசி போடுகிறோம். விலையைப் பார்த்துவிட்டு, இதையும் பற்றீரியாவில் மலிவாகச் செய்தால் என்ன என்று மருந்தாளர் நண்பன் ஒருவனிடம் கேட்டேன். அந்தப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உடம்பு அதைக் கெதியாக வெளியேற்றிவிடுமாம். ஈ.கோலைக்கு அந்த வேலை தெரியாது, மதுவம் பூட்டும் சங்கிலி வேறு மாதிரி. அதனால் சீன ஹாம்ஸ்டர் என்ற எலிச் சாதியின் சூலகக் கலங்களில் வளர்க்கிறார்கள். பாலூட்டிக் கலம் மெதுவாகத்தான் பெருகும், தீனியும் விலை.

இதை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மாமாவிடம் சொல்லிவிட்டேன், அதுவும் நல்லூர்த் திருவிழா நேரம். 25 நாளும் மச்சம் தொடாத மனுசன், ஊசியை ஒருக்கால் பார்த்தார், என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "எலி பிள்ளையாற்றை வாகனம்தானே, குத்தச் சொல்லும்" என்றார்.