நடுவருக்கு விசா தாமதமானால் பொறுப்பு யாருடையது?

வலைக்கோடு எழுதியது:

கடந்த பருவத்தில், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல உதவும் ஷெங்கன் பகுதியின் நாடொன்றில் நடந்த பன்னாட்டு மேசைப்பந்துப் போட்டிக்கு நடுவராக நியமிக்கப்பட்டிருந்தேன். நியமனம் மூன்று மாதங்களுக்கு முன்பே உறுதியாகிவிட்டது. ஆனால் அமைப்பாளரின் அழைப்புக் கடிதம் வந்து சேர்ந்தபோது போட்டிக்கு 32 நாள்களே எஞ்சியிருந்தன. விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைக்க மேலும் 11 நாள் ஆயிற்று. இறுதியில் விசா ஒட்டப்பட்ட பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஆனால் போட்டி தொடங்கி இரண்டு நாள் கடந்துவிட்டிருந்தது. விசாவே தேவைப்படாத நாட்டைச் சேர்ந்த மாற்று நடுவர் ஒருவர் என் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

ஒரு வீரருக்கு இப்படி நேர்ந்தால் அவருடைய சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் அமைப்பாளரிடம் விளக்கம் கேட்கின்றன. நடுவருக்கு நேர்ந்தால் ‘வருந்துகிறோம், அடுத்த முறை பார்ப்போம்’ என்னும் ஒற்றை வரி மின்னஞ்சலோடு விவகாரம் முடிந்துவிடுகிறது. நியமனம் செய்பவர்களே விசாவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கோப்புநெறி எழுதியது:

நண்பரின் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. விசா என்பது விண்ணப்பதாரருக்கும் ஒரு நாட்டுக்கும் இடைப்பட்ட விவகாரம். அதில் அமைப்பாளர் ஒரு சாட்சியாக நிற்கலாமே தவிர, தரப்பினராக முடியாது. ஷெங்கன் விசா விதித்தொகுப்பின்படி (2009ஆம் ஆண்டின் 810ஆம் எண் ஒழுங்குவிதி), பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும். முறையான விண்ணப்பத்தின் மீது 15 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது பொது விதி. கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் அது 45 நாள் வரை நீளலாம் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது.

நீங்கள் 21 நாள்களுக்கு முன் மனுவைக் கொடுத்திருக்கிறீர்கள். 15 நாள்களில் முடிந்திருக்க வேண்டியது 23 நாள்களுக்கு இழுத்தது ஏன் என்பதை உங்கள் பதிவு சொல்லவில்லை. தூதரகம் ஏதேனும் கூடுதல் ஆவணம் கேட்டதா? நியமனம் உறுதியான அன்றே மைய நேரத்தைப் பதிவு செய்யாமல், கடிதம் வரும்வரை காத்திருந்தது ஏன்? நேரம் பதிவு செய்யக் கடிதம் தேவையில்லை. மனுவைக் கொடுக்கும் நாளில்தான் அது வேண்டும்.

எல்லைக்கல் எழுதியது:

இத்தனை அலைச்சல் எதற்கு என்று விளங்கவில்லை. சுற்றுலா என்று எழுதி, விடுதி முன்பதிவையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் இணைத்தால் அழைப்புக் கடிதமே வேண்டியிருக்காது. எனக்குத் தெரிந்த நடுவர்கள் பலர் ஆண்டுக்கணக்காக இப்படித்தான் சென்று வருகிறார்கள்.

கோப்புநெறி எழுதியது:

இந்த ஆலோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷெங்கன் விண்ணப்பப் படிவத்தில் பயண நோக்கம் கேட்கும் இடத்தில் சுற்றுலா, வணிகம் ஆகியவற்றோடு ‘விளையாட்டு’ என்றே தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. உண்மையான கட்டம் கண்முன் இருக்கும்போது வேறொன்றைக் குறிப்பவர், எல்லையில் அதிகாரி பையைத் திறக்கச் சொன்னால், நடுவர் சீருடைக்கும் வலை உயரம் அளக்கும் கருவிக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளுக்கும் என்ன விளக்கம் சொல்வார்? பயண நோக்கத்தை மறைத்ததற்காக ஒருமுறை விசா மறுக்கப்பட்டால் அந்தப் பதிவு அடுத்தடுத்த மனுக்களிலும் தொடர்ந்து வரும். ‘இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா’ என்று கேட்கும் நாடுகள் பல.

வலைக்கோடு எழுதியது:

இந்த ஒன்றில் கோப்புநெறியோடு முழுமையாக உடன்படுகிறேன். அவர் கேட்ட கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். ஆம், தூதரகம் கூடுதல் ஆவணம் கேட்டது. அழைப்புக் கடிதத்தில் ‘தங்குமிடம் ஏற்பாடு செய்யப்படும்’ என்று மட்டுமே இருந்தது. செலவை ஏற்பவர் யார் என்று அதில் இல்லை. தினப்படி உண்டா, இல்லையா என்பதும் இல்லை. அந்த ஒரு வரியைத் திருத்திப் பெறுவதற்கு அமைப்பாளருக்கு ஆறு நாள் பிடித்தது. இதில் என் தவறு எங்கே இருக்கிறது? நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யாதது என் பிழை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போட்டிக்கு 32 நாள்களே இருக்கும்போது கடிதம் வந்ததும், வந்த கடிதம் குறையாக இருந்ததும் என் கைக்கு அப்பாற்பட்டவை.

நியமனக்குழு எழுதியது:

பல ஆண்டுகள் நடுவர்களை நியமிக்கும் குழுவில் இருந்தவன் என்ற முறையில், வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். நியமனப் பட்டியலைத் தயாரிக்கும்போது தரநிலை, அனுபவம், மொழி ஆகியவற்றோடு ‘விசா தேவையா’ என்ற ஒரு பத்தியும் எங்கள் தாளில் இருந்தது. போட்டி தொடங்கும் காலையில் ஒவ்வொரு மேசைக்கும் நடுவர் இருந்தாக வேண்டும். இருவர் வராமல் போனால் மற்றவர்கள் இடைவெளியின்றி ஆட்டம் பார்க்க நேரிடும். களைத்த நடுவர் தவறு செய்வார். அந்தத் தவறுக்கு ஒரு வீரர் விலை கொடுப்பார். ஆகவே தரத்தில் சமமான இருவரில் விசா தேவைப்படாதவரைத் தேர்ந்தோம். இதை அநீதி என்று சொல்வீர்களானால், வேறு வழி என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வலைக்கோடு எழுதியது:

அநீதி என்றுதான் சொல்வேன். தரத்தில் சமமான இருவரில் எப்போதும் ஒருவரே சென்றுகொண்டிருந்தால், மூன்றாண்டுகளில் அவர்கள் சமமாக இருக்கமாட்டார்கள். சென்றவருக்கு அனுபவம் கூடியிருக்கும், செல்லாதவர் தேங்கியிருப்பார். பிறகு அதே குழு ‘தரத்தின் அடிப்படையில்தான் தேர்ந்தோம்’ என்று மனச்சான்றோடு சொல்லவும் முடியும்.

நடுநிலை என்ற கோணமும் இருக்கிறது. கிரிக்கெட்டில் டெஸ்ட் ஆட்டங்களுக்கு இரு நடுவர்களும் ஆடும் அணிகளைச் சாராத பொது நாட்டவராக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2002 முதல் இருந்தது. 2020இல் பெருந்தொற்றால் பயணம் முடங்கியபோது பன்னாட்டு கிரிக்கெட் கவுன்சில் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தி, உள்நாட்டு நடுவர்களை அனுமதித்தது. அதற்கு ஈடாக அணிகளுக்கு நடுவர் தீர்ப்பை எதிர்த்து முறையிடும் வாய்ப்பு ஒன்றைக் கூட்டிக் கொடுத்தது. பயணம் தடைப்பட்டால் நடுநிலை ஏற்பாடும் தளரும் என்பதை ஒரு கூட்டமைப்பே ஒப்புக்கொண்ட நிகழ்வு அது.

மாற்று வழி கேட்டீர்கள். ஒலிம்பிக்கைப் பாருங்கள். ஒலிம்பிக் அடையாள அட்டை, பாஸ்போர்ட்டோடு சேர்ந்து, போட்டி நடக்கும் நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தருகிறது. போட்டிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு மாதம் பின்பும் வரை அது செல்லும். ஷெங்கன் விதித்தொகுப்பின் ஒலிம்பிக் பின்னிணைப்பில் நடுவர்களும் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆக, மனம் இருந்தால் செய்ய முடிகிறது.

கோப்புநெறி எழுதியது:

மனம் மட்டும் போதாது. அரசின் கையொப்பம் வேண்டும். ஒலிம்பிக்கை நடத்தக் கேட்கும் நாடு, அரசின் உத்தரவாதத்தோடு கேட்கிறது. பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு நகரில் நடக்கும் சுற்றுப் போட்டிகளுக்கு எந்த அரசு அத்தகைய உத்தரவாதம் தரும்? அங்கே அமைப்பாளர் என்பவர் பெரும்பாலும் ஒரு சங்கச் செயலாளரும் மூன்று தன்னார்வலர்களும்தான்.

உயர்மட்டத்தில் பேசும்போதுகூட நடுவர் விடுபட்டுப் போவதற்கு ஒரு சான்று தருகிறேன். இது என் வாதத்துக்கு எதிராகப் போனாலும் சொல்லத்தான் வேண்டும். 2025 ஜூனில் அமெரிக்கா 12 நாடுகளின் குடிமக்கள் நுழையத் தடை விதித்தபோது, உலகக் கோப்பை, ஒலிம்பிக் போன்ற பெரும் போட்டிகளுக்கு வரும் வீரர்கள், அணி உறுப்பினர்கள், பயிற்சியாளர்கள், இன்றியமையாத துணைப் பணி செய்பவர்கள், அவர்களின் நெருங்கிய உறவினர்கள் ஆகியோருக்கு விலக்கு அளித்தது. நடுவர் என்ற சொல் அந்த விலக்கில் இல்லை. நடுவர் எந்த அணியின் உறுப்பினரும் அல்லர். துணைப் பணி என்ற சொல்லுக்குள் அவரை அடக்கலாமா என்பதை அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும். வீரரின் உறவினருக்கு வெளிப்படையாகக் கிடைத்த விலக்கு, ஆட்டத்தை நடத்துபவருக்கு உய்த்துணரும் பொருளாக நிற்கிறது.

நியமனக்குழு எழுதியது:

ஊதியம் என்ற சிக்கலை இன்னும் யாரும் தொடவில்லை. உண்மையில் முடிச்சு அங்கேதான் விழுகிறது. ஐக்கிய இராச்சியத்தின் வருகையாளர் விதிகள், போட்டிக்கு வரும் வீரர் பங்கேற்கும் அதே நிகழ்வில் விளையாட்டு அலுவலர்கள் பணியாற்றுவதை அனுமதிக்கின்றன. ஆனால் நியாயமான பயணச் செலவும் தங்கும் செலவும் போன்ற சில விலக்குகளைத் தவிர, உள்நாட்டிலிருந்து பணம் பெறுவதைத் தடுக்கின்றன. அமெரிக்காவில் பி-1 (P-1) பிரிவு வீரர்களுக்கான துணைப் பணியாளர் விசாவில் நடுவர்களும் அடங்குவர். ஆனால் அதற்கு அந்நாட்டில் உள்ள ஒருவர் முன்கூட்டியே மனுச் செய்து ஒப்புதல் பெற்றாக வேண்டும். நாம் ‘மதிப்பூதியம்’ என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கும் அந்தச் சிறு தொகை, தூதரகத்தின் கண்ணுக்குச் சம்பளமாகத் தெரியக்கூடும். கடிதத்தில் அதை எழுதினால் ‘வேலைக்கா போகிறீர்கள்’ என்ற கேள்வி வருகிறது. எழுதாவிட்டால் ‘செலவுக்குப் பணம் ஏது’ என்ற கேள்வி வருகிறது. வலைக்கோட்டின் கடிதத்தை எழுதியவர் இந்த அச்சத்தில்தான் அந்த வரியை விட்டிருப்பார் என்பது என் ஊகம்.

எல்லைக்கல் எழுதியது:

அப்படியானால் நான் சொன்ன வழிக்குப் பலர் போவதில் வியப்பு என்ன? விதிகளே அந்தப் பக்கம் தள்ளுகின்றன. செய்வது சரி என்று நான் வாதிடவில்லை. ஏன் செய்கிறார்கள் என்றே சொன்னேன்.

வலைக்கோடு எழுதியது:

இவ்வளவு நேரம் படித்தபின் என் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன். விசா கிடைப்பதற்கு அமைப்பாளர் உத்தரவாதம் தர முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கடிதத்துக்கு அவர் உத்தரவாதம் தரலாம். நியமனம் முடிந்த பத்து நாள்களுக்குள் கடிதம் வர வேண்டும். அதில் நடுவரின் பணி, தேதிகள், தங்குமிட முகவரி, ஒவ்வொரு செலவையும் ஏற்பவர் யார், தினப்படி எவ்வளவு, அதை எந்த நாட்டிலிருந்து யார் வழங்குகிறார் என்பவை இருக்க வேண்டும். தூதரகம் விளக்கம் கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் பதில் தரும் ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். கடிதம் பிந்தியதால் பயணம் தடைப்பட்டால், திரும்பக் கிடைக்காத விசாக் கட்டணத்தை அமைப்பாளர் ஈடு செய்ய வேண்டும். ஷெங்கனுக்கு 2024 ஜூன் முதல் அது 90 யூரோ. (லாப நோக்கற்ற அமைப்புகள் நடத்தும் விளையாட்டு நிகழ்வுகளுக்கு வரும் 25 வயதுக்கு உட்பட்ட பிரதிநிதிகளுக்குக் கட்டண விலக்கு உண்டாம். அந்த வயதில் பன்னாட்டு நடுவர் தகுதி பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.) இதைக் கூட்டமைப்பின் நடுவர் குழுவுக்கு மனுவாக அனுப்பவிருக்கிறேன்.

கோப்புநெறி எழுதியது:

கட்டணத்தைப் பற்றிய கடைசி வாசகத்தைத் தவிர மற்ற அனைத்திலும் கையெழுத்திடுகிறேன். நடுவர் மைய நேரத்தைத் தாமதமாகப் பதிவு செய்திருந்தாலும் அமைப்பாளரே ஈடு தர வேண்டும் என்று அந்த வாசகத்தைப் படிக்க முடிகிறது. ‘நியமனம் கிடைத்த ஏழு நாள்களுக்குள் நடுவர் நேரம் பதிவு செய்திருந்தால்’ என்ற நிபந்தனையைச் சேர்த்தால் ஏற்பேன்.

வலைக்கோடு எழுதியது:

ஏழு நாள் குறைவு. சில மையங்களில் அடுத்த மாதத்துக்கான நேரங்களையே இன்னும் திறந்திருக்கமாட்டார்கள். பதினான்கு என்று எழுதிக்கொள்கிறேன்.

நியமனக்குழு எழுதியது:

பதினான்குக்கு என் கையெழுத்தும் உண்டு. எங்கள் தாளில் இருந்த அந்தப் பத்தியை நீக்க வேண்டும் என்ற வரியையும் நீங்கள் சேர்க்கப்போவதாக இருந்தால், அனுப்பும் முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள். அதற்குக் கையெழுத்திடுவேனா என்பதை இன்னும் நான் முடிவு செய்யவில்லை.